பெரட்டு

கடந்த டிசம்பர் 22, திங்கட்கிழமை, இரவு ஒன்பதரை மணி. கெப்பாலா பத்தாஸில் அப்பா வீட்டுப் பின்கட்டில், அம்மாவின் பழைய தையல் மெஷின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சட்டையை மட்டும் ஒழுங்காகப் போட்டு கீழே கைலியோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் பதினொரு முகங்கள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடங்கல். என் முறை வந்தது. நான் விடுமுறையில் இருந்தேன். பதினைந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. இருந்தாலும் "பதினைந்து நிமிஷம்தானே" என்று கேட்டிருந்தார்கள். பதினைந்து நாளில் தினம் பதினைந்து நிமிஷம். சரி என்றுவிட்டேன்.

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் கதவருகே நின்று முழுவதையும் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒருவர் பெயர் கூப்பிடுவதும், அந்த ஆள் நிமிர்ந்து பதில் சொல்வதும், அடுத்த பெயர் வருவதும் எந்த மொழியிலும் புரியக்கூடியதுதான். நான் கணினியை மூடியதும் கேட்டார்.

"என்னய்யா, ராத்திரியில பெரட்டா?"

தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டு என்பது ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் எடுக்கும் ஆள்கணக்கு. இருட்டோடு இருட்டாக ஆட்கள் வரிசையில் நிற்க, கிராணி பெயர் கூப்பிட, தண்டல் இன்றைக்கு யாருக்கு எந்தக் காடு என்று சொல்வார். வந்தவன் பெயர் செக்ரோலில் ஏறும். வராதவனுக்கு அன்றைய சம்பளம் இல்லை. அப்பா தாசெக் குளுகோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினாலு வயதில் அந்த வரிசையில் நின்றவர். கித்தா மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டு, பிறகு அதிலும் பாதி டாமானாக மாறியபோதுதான் பட்டணத்துக்கு வந்தார்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வேலை முறைக்கு அஜைல் என்று பெயர். அதன் ஒரு வகை ஸ்கிரம். நான் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, ஸ்கிரம் மாஸ்டர் என்ற சான்றிதழும் வைத்திருக்கிறேன். 'மாஸ்டர்' என்ற அந்தச் சொல்லை அப்பாவிடம் மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இந்தக் கட்டுரை அப்பாவின் கேள்விக்கு நான் அன்றிரவு சொல்லாமல் விட்ட பதில். ஆமாம்ப்பா, பெரட்டுதான். இதைச் சொன்னால் என் நண்பர்கள் பலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் அவர்கள் சொல்லும் கதையைப் பார்ப்போம். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் படம் இதுதான். ஆதியில் வாட்டர்ஃபால் என்ற இருண்ட காலம் இருந்தது. முதலில் தேவைகளை எல்லாம் எழுதி, பிறகு வடிவமைத்து, பிறகு எழுதி, பிறகு சோதித்து, அருவி மாதிரி ஒரு திசையில் மட்டும் வேலை இறங்கியது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் யாருக்கும் வேண்டாத ஒரு பொருள் வெளியே வந்தது. பிறகு அஜைல் பிறந்தது, ஒளி உண்டாயிற்று.

இந்தக் கதையின் வில்லன் என்று வின்ஸ்டன் ராய்ஸ் என்பவரைக் காட்டுவார்கள். 1970-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் அந்தப் படிக்கட்டுப் படம் வருகிறது. படத்தைக் காட்டுகிறவர்களில் எத்தனை பேர் கட்டுரையைப் படித்தார்கள் என்று தெரியவில்லை. ராய்ஸ் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைத்துக்கொள்வீர்கள் என்று எழுதினார். ஒரு முறை செய்து பார்த்துக் கற்றுக்கொண்டு இரண்டாம் முறை செய்யுங்கள், வாடிக்கையாளரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வாட்டர்ஃபால் என்ற சொல்லே அந்தக் கட்டுரையில் இல்லை. எச்சரித்தவரையே குற்றவாளி ஆக்கி, அவர் கூடாது என்று சொன்னதை அவர் பெயரிலேயே இருபது முப்பது வருஷம் நடத்தியது யார்? நிர்வாகம். படிக்கட்டுப் படம் நிர்வாகத்துக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு படியிலும் கையெழுத்து வாங்கலாம், ஒவ்வொரு கையெழுத்துக்கும் பில் போடலாம். இதே கதைதான் அஜைலுக்கும் நடந்தது என்பது என் கட்சி.

அஜைல் பிறந்ததே ஒரு குளிர்கால விடுமுறையில்தான். 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடினார்கள். பேசினார்கள், சறுக்கினார்கள், சாப்பிட்டார்கள். கடைசியில் நாலு வரி அறிக்கையும் அதற்குப் பின்னிணைப்பாகப் பன்னிரண்டு கொள்கைகளும் வந்தன. அந்தப் பதினேழு பேரில் ஒரு பெண்கூட இல்லை, ஆசியர் இல்லை, ஆப்பிரிக்கர் இல்லை. அது இருக்கட்டும். அவர்கள் எழுதியது நல்ல அறிக்கை. நான் கிண்டலாகச் சொல்லவில்லை. கருவிகளையும் நடைமுறைகளையும் விட மனிதர்கள் முக்கியம் என்றார்கள். திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதை விட மாற்றத்துக்கு முகம் கொடுப்பது முக்கியம் என்றார்கள். பன்னிரண்டில் ஒரு கொள்கை, எல்லாரும் காலவரையின்றித் தாங்கக்கூடிய சீரான வேகத்தில் வேலை நடக்கவேண்டும் என்கிறது. அந்தக் கூட்டத்தில் இருந்த கென்ட் பெக், அதற்கு இரண்டு வருஷம் முன்பு எழுதிய புத்தகத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தார். களைத்தவன் எழுதும் நிரல் கெட்ட நிரல் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பதினெட்டு வருஷத்தில் ஒன்பது கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்துவிட்டேன். அந்த 40 மணி நேரம் எங்கேயும் வந்து சேரவில்லை. சீரான வேகம் வரவில்லை. வந்து சேர்ந்தது பெரட்டு மட்டும்தான்.

ஏன் அது மட்டும் கப்பலேறியது? இதற்கு மனக்குறையாகப் பதில் சொல்வதில் பயனில்லை. காரணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எங்களைப் போன்ற வெளிவேலைக் கம்பெனிகளில் நான் பார்த்த ஒப்பந்தங்கள் ஒரே மாதிரிதான். இன்னின்ன வேலை, இவ்வளவு பணம், இந்தத் தேதி. மூன்றும் கையெழுத்தாகி முத்திரை குத்திய பிறகுதான் என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, "நாம் இதை அஜைலாகச் செய்யப்போகிறோம்" என்பார்கள். அஜைலின் உயிரே வேலையின் அளவை நடுவழியில் மாற்றலாம் என்பதில்தான் இருக்கிறது. வேலை, பணம், தேதி மூன்றையும் இறுக்கிக் கட்டிவிட்டால் வளைவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? நிரல் எழுதுகிறவனின் ராத்திரி இருக்கிறது. அது வளையும். எவ்வளவு வேண்டுமானாலும் வளையும்.

எங்கள் வாடிக்கையாளர் சிகாகோ நேரத்தில் இருக்கிறார். அவர் காலையில் வந்து காபியோடு உட்கார்ந்ததும் கூட்டம். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை எங்களுக்கு அது இரவு எட்டரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் எங்களுக்கு ஒன்பதரை ஆகிவிடும். வருஷம் முழுக்க வேர்க்கும் இந்த நாட்டில் குளிர்காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிவது இந்த ஒன்றில்தான்: பிள்ளைக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கும் நேரம் பறிபோகும். டிசம்பர் கடைசியில் அவர்கள் ஊரில் விடுமுறை என்பதால் நிரல் மாற்றம் எதுவும் வெளியே போகாது. உறைபனிக் காலம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, எதையும் வெளியிடப்போவதில்லை. இருந்தும் எங்கள் கூட்டம் மட்டும் தினம் நடந்தது. மழை நாளில் பால் வெட்ட முடியாது என்று தெரிந்தும் பெரட்டுக்கு வந்து நின்று, வானம் பார்த்துத் திரும்பிய கதை அப்பாவிடம் நிறைய உண்டு.

இன்னொன்று. அந்த மூன்று கேள்விகள், நேற்று-இன்று-தடங்கல், ஸ்கிரம் வழிகாட்டியின் 2020 பதிப்பிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டன. கூட்டம் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் திட்டமிட்டுக்கொள்ள, மேலே அறிக்கை சொல்ல அல்ல என்பது வழிகாட்டியின் நிலைப்பாடு. ஐந்து வருஷம் ஆகியும் அந்தச் செய்தி எங்கள் குழுவுக்கு வரவில்லை. புதிய சான்றிதழுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டச் சொல்லும் மின்னஞ்சல் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இப்போது பாயிண்ட் விஷயம். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று குழு சேர்ந்து ஊகித்து 3, 5, 8 என்று ஓர் எண் கொடுப்போம். ஸ்டோரி பாயிண்ட். இரண்டு வாரத்தில் குழு முடித்த பாயிண்டுகளின் கூட்டுத்தொகை வெலாசிட்டி. ஊகத்துக்காக உண்டான எண் இது. அதை யாராவது இலக்காக மாற்றிய நிமிஷமே அது செத்துவிடும். "போன முறை 40, இந்த முறை ஏன் 34?" என்று மேலிருந்து ஒரு முறை கேட்டால் போதும். அடுத்த தடவை 3 என்று இருந்த வேலை 5 ஆகிவிடும். யாரும் பொய் சொன்னதாக நினைக்கமாட்டார்கள். இயல்பாக நடக்கும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "பாலுல தண்ணி" என்றார். ஸ்டோரில் பாலை நிறுத்துக் கூலி போட்ட காலத்தில் வாளியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பவர்கள் இருந்தார்களாம். அதைப் பிடிக்க மெட்ரலாக் என்று ஒரு மிதவைக் கோல். பாலில் அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து, உண்மையில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். "தண்ணி ஊத்துனவன் எப்படியாச்சும் தப்பிச்சிக்குவான்யா. மங்குல மழைத்தண்ணி விழுந்தவன்தான் மாட்டுவான். அவன் என்ன செஞ்சான், மழை பெஞ்சிச்சி."

அந்த மழைத்தண்ணீர் விழுந்தவனை எனக்குத் தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு தம்பி இருந்தான். ஒப்பந்த ஊழியன். அவன் பெயரில் பாயிண்ட் குறைவாகவே விழும். காரணம், மற்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் போய் உட்கார்ந்துவிடுவான். அடுத்தவர் நிரலை வரி வரியாகப் படித்துப் பிழை காட்டுவான். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த வேலைகளுக்குப் பாயிண்ட் கிடையாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது ஆள்வாரியாக ஒரு வரைபடம் கேட்டார்கள். குழுவின் எண்ணை ஆளுக்கு ஆள் பிரிக்கக்கூடாது என்று என் சான்றிதழ் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தே பிரித்துக் கொடுத்தேன். வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். அவன் பெயருக்கு நேரே இருந்த குட்டையான சிவப்புக் கட்டையைப் பற்றி ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம். கேட்கவில்லை, எழுதவில்லை. அவனுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. போகிற நாளில் எனக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் எங்கள் குழுவில் பிழைகள் இரண்டு மடங்கானபோது அது எதனால் என்று கேட்கும் வரைபடம் யாரிடமும் இல்லை.

ஆகவே நான் வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்தக் கதையில் நான் கிராணி.

பாயிண்டுகளுக்குத் தந்தை என்று சொல்லத்தக்க ரான் ஜெஃப்ரீஸ், ஸ்னோபேர்டில் இருந்த பதினேழு பேரில் ஒருவர். பாயிண்டை நான்தான் கண்டுபிடித்திருக்கக்கூடும், அப்படியானால் அதற்காக வருந்துகிறேன் என்ற பொருளில் பிற்பாடு எழுதினார். இன்னொருவரான டேவ் தாமஸ் 2014-லேயே அஜைல் செத்துவிட்டது என்று அறிவித்தார். பெற்றவர்களே கைவிட்ட பிள்ளையை, இங்கே நாம் காது குத்தி மொட்டை போட்டுச் சீராட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் கேட்பது எனக்குக் கேட்கிறது. "ஏசி அறையில உட்கார்ந்துகிட்டு மாசம் எட்டாயிரம் வெள்ளி வாங்குற நீ, அட்டை கடிச்சிப் பால் வெட்டுன உங்கப்பாவோட உன்னை ஒப்பிடுறியா? வெட்கமா இல்ல?" நியாயமான கேள்வி. அப்பாவே கேட்டார். மறுநாள் காலை ரொட்டி சானாய் சாப்பிடும்போது நான் இதையெல்லாம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுப் பேச, அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "பெரட்டுக்குப் போகலன்னா சோறு இல்ல எனக்கு. வேலை போச்சின்னா லயத்து வீடும் போச்சி. உனக்கு என்ன போச்சி?"

அதை நான் மறுக்கமாட்டேன். தோட்டத்தைக் காவியமாக்கும் பழக்கம் நம் எழுத்தில் நிறைய இருக்கிறது, அதில் நானும் ஒரு கைப்பிடி மண் போட விரும்பவில்லை. நான் ஒப்பிடுவது துன்பத்தை அல்ல, கருவியை. ஆளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் வாயாலும் கணக்குச் சொல்லவைத்து, அளவிட முடிந்ததை மட்டும் உழைப்பு என்று எழுதிக்கொள்ளும் கருவி அது. கை மாறியிருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, நின்ற வரிசை இப்போது திரையில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அப்பாவுக்கு அது பெரட்டு என்று தெரியும். அதனால் அதன் மேல் கோபப்பட முடிந்தது. 1954-இல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டையை அவர் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். சங்கத்தைத் திட்டிக்கொண்டேதான் வைத்திருக்கிறார், ஆனால் வைத்திருக்கிறார். எனக்கு என் பெரட்டைச் 'சுயமாக ஒழுங்கமைத்துக்கொள்ளும் குழு' என்று சொல்லிக் கொடுத்தார்கள். சுயமாக ஒழுங்கமைத்துக்கொண்டவன் யாரோடு சண்டை போடுவது?

பினாங்கில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் இன்டெல் முதல் ஆலையைத் திறந்தபோது தொடங்கியது. தோட்டத்திலிருந்தும் கம்போங்கிலிருந்தும் நம் அக்காமார்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போனார்கள். எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளருக்கு நாடு தழுவிய சங்கம் பல்லாண்டு மறுக்கப்பட்டு, மிகவும் பிந்தித்தான் வட்டாரச் சங்கங்கள் கிடைத்தன. அவர்கள் பிள்ளைகள்தான் இன்று மென்பொருள் எழுதுகிறோம். எங்களுக்குச் சங்கம் வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. சட்டமும் எங்கள் பக்கம் அரைகுறையாகத்தான் திரும்பிப் பார்க்கிறது. 2023 ஜனவரியிலிருந்து வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவனுக்கு மிகைநேரச் சம்பள விதி பொருந்தாது. பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டமாகிவிட்டது. இங்கே அதைக் கேட்டால் "டீம் ஸ்பிரிட் இல்லை" என்பார்கள்.

திட்டமா, மாற்றமா என்ற சண்டையே ஒரு பொய்ச்சண்டை என்பதற்கு பெனாகா பக்கம் ஒரு நடை போனால் போதும். சுங்கை மூடா வரை பச்சை. அங்கே அப்பாவின் பழைய சிநேகிதர், ஒரு பாக்சிக், நெல் போடுகிறார். வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது அட்டவணை. அவர் ஒருவர் நினைத்து அதை மாற்ற முடியாது. அந்த வகையில் அவர் செய்வது படிக்கட்டு வேலை. ஆனால் தினமும் காலையில் வரப்பில் நடக்கிறார். எலி வெட்டியிருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து அன்றைய வேலையை அன்று முடிவு செய்கிறார். அந்த வகையில் அவர் அஜைல். இரண்டும் ஒரே மனிதரிடம் தகராறில்லாமல் இருக்கின்றன. வரப்பில் நடக்கிறவரே முடிவும் எடுக்கிறார் என்பதால். எங்கள் தொழிலில் வரப்பில் நடப்பவன் ஒருவன், முடிவெடுப்பவன் வேறொருவன். நடந்தவன் இரவு ஒன்பதரைக்கு எழுந்து நின்று ஒப்பிக்கவேண்டும்.

என்ன வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. விடுப்பில் இருப்பவனைக் கூட்டத்துக்குக் கூப்பிடக்கூடாது. பாயிண்ட் கணக்கு குழுவை விட்டு வெளியே போகக்கூடாது, ஆள்வாரியாகப் பிரித்துக் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்ல ஸ்கிரம் மாஸ்டருக்கு முதுகெலும்பு வேண்டும், அதற்காக அவன் வேலை போகாது என்ற உத்தரவாதமும் வேண்டும். தேதியை இறுக்கினால் வேலையின் அளவை ஒப்பந்தத்திலேயே தளர்த்துங்கள். ராத்திரிக் கூட்டம் கட்டாயம் என்றால் ஆறு மாதம் எங்கள் ராத்திரி, ஆறு மாதம் அவர்கள் ராத்திரி. இந்தக் கடைசி யோசனையை ஒரு ரெட்ரோ கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பது புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மகள் குளிர் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். 29-ஆம் தேதி பினாங்கு மலைக்குப் போனோம். 1923-லிருந்து ஓடும் மலை ரயில், பெட்டிகள் புதிது. மேலே கீழைவிட நாலைந்து டிகிரி குறைவு, அவ்வளவுதான். அதற்கே அவள் தொப்பி வைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வாயால் புகை விட முயன்றுகொண்டிருந்தாள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடலுக்கு அப்பால் பெருநிலத்தைப் பார்த்து, தோட்டம் இருந்த திசை எது என்று மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தார். வீடு திரும்ப எட்டாகிவிட்டது. ஒன்பதே காலுக்குக் கைப்பேசி நினைவூட்டியது. இன்று வரமாட்டேன், ஜனவரி 5 வரை வரமாட்டேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அதை அணைத்துத் தையல் மெஷின் இழுப்பறையில் போட்டேன்.

ஒன்பதரைக்கு அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். பின்கட்டில் விளக்கு எரியாததைப் பார்த்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கிப் பெரட்டு இல்லையா?"

"இருக்குப்பா. நான் போகல."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"பேரு விழாதேய்யா" என்றார்.